ஆசிரியர்கள் ஏன் எழுத வேண்டும்? வகுப்பறைச் சாதியும் எழுதப்படாத பதிவேடும்

(ஆசிரியர்களும் கல்வியியல் மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறையைப் பற்றித் தாங்களே எழுதத் தொடங்குவது ஏன் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் பள்ளி ஆசிரியர் அல்ல. முனைவர் பட்ட ஆய்வு மாணவர். அதனால் பாடம் நடத்துவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல நான் வரவில்லை. வகுப்பறையில் பெஞ்சுப் பக்கம் நீண்ட காலம் உட்கார்ந்த ஒருவராக, மேசைப் பக்கம் நிற்கும் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்க வந்திருக்கிறேன்.

நீங்கள் ஏற்கெனவே நிறைய எழுதுகிறீர்கள். வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு, மதிப்பெண் பதிவேடு, விலையில்லாப் பொருட்கள் வழங்கிய கணக்கு, எமிஸ் பதிவேற்றம், குறுவள மையக் கூட்டத்துக்கான அறிக்கை என்று பட்டியல் நீளும். மாலையில் வீட்டுக்குப் போன பிறகும் கைப்பேசியில் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். இந்தப் பதிவேடுகளில் ஒரு பிள்ளையைப் பற்றி எல்லாம் இருக்கிறது. வந்தாளா, எத்தனை மதிப்பெண் வாங்கினாள், உயரம் என்ன, எடை என்ன, அப்பா என்ன வேலை செய்கிறார், எந்தச் சாதி. எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு.

கட்டம் இல்லாதவர் ஒருவர்தான். அவர் ஆசிரியர். அன்று அந்த ஆசிரியர் யாரைக் கூப்பிட்டுத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார், யாரைக் கூப்பிட்டு வகுப்பைக் கூட்டச் சொன்னார், யாருடைய நோட்டைத் திருத்திக் கையில் கொடுத்தார், யாருடைய நோட்டை மேசையில் எறிந்தார், யாருக்குப் பதில் தெரியாதபோது குறிப்புக் கொடுத்தார், யாருக்குத் தெரியாதபோது "உனக்கெல்லாம் எங்க ஏறப்போகுது" என்றார்? இதை எந்தப் பதிவேடும் கேட்பதில்லை. ஆனால் வகுப்பறைக்குள் சாதி இயங்குவது பெரும்பாலும் இந்தச் சின்னச் சின்னச் செயல்களில்தான்.

அப்படியானால் வகுப்பறைச் சாதியைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? பட்டவர்கள் எழுதியதால் தெரியும்.

புரட்சியாளர் அம்பேத்கர் 1930களில் எழுதி, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து நூலாக வந்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பை நீங்கள் படித்திருப்பீர்கள். பள்ளியில் அவர் தனியே ஒரு கோணிப்பையில் உட்கார வேண்டும். பள்ளியைத் துப்புரவு செய்யும் பணியாளர்கூட அந்தக் கோணியைத் தொடமாட்டார் என்பதால் மாலையில் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் கொண்டுவர வேண்டும். குழாயை அவர் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால் தண்ணீர். பியூன் வராவிட்டால் தண்ணீர் இல்லை. இந்தியில் ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் 'ஜூட்டன்' எழுதினார். தலைமையாசிரியர் கையில் துடைப்பத்தைக் கொடுத்துப் பள்ளி முழுவதையும் பெருக்க வைத்ததும், அந்த வழியாக வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்து சண்டைக்குப் போனதும் அதில் பதிவாகியிருக்கின்றன. தமிழில் பெருமாள்முருகன் தொகுத்து 2013இல் வந்த 'சாதியும் நானும்' நூலில் நம் காலத்து இளைஞர்கள் பலர் தங்கள் சாதி அனுபவங்களை எழுதியிருக்கிறார்கள்.

இவையெல்லாம் முக்கியமான ஆவணங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோணிப்பையில் உட்கார்ந்த பிள்ளை எழுதிவிட்டது. அந்தக் கோணிப்பையைத் தினமும் பார்த்துக்கொண்டே பாடம் நடத்திய ஆசிரியர்கள் எழுதவில்லை. துடைப்பத்தை வாங்கியவர் எழுதிவிட்டார். கொடுத்தவர் எழுதவில்லை. அடி வாங்கிய பக்கத்துச் சாட்சியம் நம்மிடம் நூறாண்டுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கிறது. மேசைப் பக்கத்துச் சாட்சியம் மிகமிகக் குறைவு. அந்தப் பக்கம் நிற்பவருக்கு அது எப்படித் தோன்றியது? கவனிக்காமலே செய்தாரா, கவனித்தும் செய்தாரா? ஊர்ப் பெரியவர்களுக்குப் பயந்தாரா, பழக்கம் என்று விட்டுவிட்டாரா? இது தெரியாமல் அதை மாற்றுவது எப்படி?

ஆசிரியர்கள் தங்கள் பணியைத் தாங்களே எழுதிப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்பதற்கு முதல் காரணம் இதுதான்.

கல்வியியல் படித்தவர்களுக்கு இந்தக் கருத்து புதிதல்ல. ஜான் டூயி 1910இலேயே சிந்தனை என்பது என்ன என்று ஒரு நூல் எழுதினார். டொனால்ட் ஷோன் 1983இல், தொழில் செய்பவர் தன் செயலையே உற்றுநோக்கிக் கற்பதைப் பற்றி எழுதினார். இவை நம் பி.எட். பாடத்திட்டம் வரை வந்துவிட்டன. வந்து என்ன ஆனது? பயிற்சி மாணவரின் ரெக்கார்டு நோட்டில் ஒரு தலைப்பு ஆனது. "இன்று பாடம் சிறப்பாக அமைந்தது. மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்." போன ஆண்டு நோட்டைப் பார்த்து இந்த ஆண்டு எழுதுகிறார்கள். மேலதிகாரி கையெழுத்துப் போடுவதற்காக எழுதும் எதிலும் உண்மை வராது. அவர்களைக் குறை சொல்லவில்லை. மதிப்பெண் போடுபவரிடம் யார் போய் "இன்று நான் ஒரு பிள்ளையைக் கேவலப்படுத்திவிட்டேன்" என்று எழுதிக் கொடுப்பார்கள்?

ஆகவே நான் சொல்லும் எழுத்து வேறு. யாரும் கேட்காதது. யாரிடமும் கையெழுத்து வாங்கத் தேவையில்லாதது.

இதற்கு நம் இயக்க வரலாற்றிலேயே முன்மாதிரி இருக்கிறது. ஜோதிராவ் ஃபுலேயும் சாவித்திரிபாயும் 1848இல் புனேவில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கியதை ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். சாணி எறிந்தார்கள், மாற்றுப் புடவை எடுத்துப்போனார் என்று பேசுகிறோம். ஆனால் சாவித்திரிபாய் எழுதினார் என்பதைக் குறைவாகவே பேசுகிறோம். 1854இல் அவருடைய கவிதைத் தொகுப்பு வந்தது. 1856இல் உடல்நலமில்லாமல் பிறந்த ஊரான நாய்காவில் இருந்தபோது ஜோதிராவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மகர், மாங் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதைக் குறை சொன்ன சொந்தச் சகோதரரோடு நடந்த வாக்குவாதம் அதில் இருக்கிறது. தன் வேலைக்கு எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது, அதற்குத் தான் என்ன பதில் சொன்னேன் என்பதை ஓர் ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். எதிர்ப்பு தெருவிலிருந்து மட்டும் வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்தும் வந்தது என்று நமக்குத் தெரிவது அந்தக் கடிதத்தால்தான்.

அதைவிட முக்கியம், அந்தப் பள்ளியில் படித்த பிள்ளை எழுதியது. மாங் சாதியைச் சேர்ந்த, பதினான்கு வயது முக்தா சால்வே, மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. வேதத்தைப் படிக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட எங்களுக்கு எது மதம் என்று கேட்டாள் அந்தச் சிறுமி. ஆசிரியர் எழுதுகிற பள்ளியில் மாணவியும் எழுதினாள். அதுவும் ஆசிரியருக்குப் பிடித்தமான நாலு வரிகளை அல்ல. சமூகத்தையே கேள்வி கேட்கும் எழுத்தை. நம் பள்ளிகளில் ஒரு பிள்ளை இப்படி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் அதை என்ன செய்வோம்? எழுத்துப் பிழையைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுப்போமா, படித்துவிட்டு ஒரு நிமிடம் உட்காருவோமா?

இப்போது தமிழ்நாட்டுக்கு வருகிறேன்.

1953இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைத் தந்தை பெரியார் குலக்கல்வித் திட்டம் என்று அடையாளம் காட்டினார். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். பெரும் போராட்டத்துக்குப் பிறகு 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. சட்டப்படி செத்துப்போன அந்தத் திட்டம் பள்ளிக்கு உள்ளேயே எப்படி உயிரோடு இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காகத் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். அது எப்படி வெளியே வந்தது? அதிகாரியின் ஆய்வில் அல்ல, பதிவேட்டில் அல்ல. ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்து மருத்துவமனையில் சேர்த்த பிறகு, கொசு எங்கே கடித்தது என்ற பேச்சில் வெளியே வந்தது. காய்ச்சல் வராமல் இருந்திருந்தால்? அந்தப் பள்ளியின் எல்லாப் பதிவேடுகளும் சரியாகவே இருந்திருக்கும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து பட்டியலின மாணவரையும் அவருடைய தங்கையையும் அரிவாளால் வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு கூடாது என்ற பகுதிதான் பெரிதாக விவாதிக்கப்பட்டது. ஆனால் அந்த அறிக்கை ஆசிரியர்களைப் பற்றியும் பேசுகிறது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது. நேராகவோ மறைமுகமாகவோ சாதியைச் சுட்டி மாணவரை அழைக்கக்கூடாது. ஆசிரியர் தேர்வின்போதே சமூகநீதி குறித்த மனப்பாங்கைப் பார்க்க வேண்டும். ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அந்தப் பகுதியிலேயே கல்வி அதிகாரியாகவோ தலைமையாசிரியராகவோ அமர்த்தக்கூடாது என்றெல்லாம் சொல்கிறது.

பரிந்துரைகளை நான் ஆதரிக்கிறேன். அரசு முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஆனால் மாணவன் கையில் கட்டியிருக்கும் கயிறு கண்ணுக்குத் தெரியும், கத்தரித்துவிடலாம். ஆசிரியர் குரலில் இருக்கும் கயிறு தெரியாது. எந்தக் குழுவும் தினமும் வகுப்பறையில் வந்து உட்கார முடியாது. அங்கே எல்லா நாளும் இருக்கும் பெரியவர் ஆசிரியர் ஒருவர்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. நல்லது செய்யும் ஆசிரியர்களின் அறிவு தொலைந்துபோகிறது. என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். நான் பதினோராம் வகுப்பு படித்தபோது கல்வி உதவித்தொகைப் படிவம் வந்த அன்று வகுப்பாசிரியர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு "எஸ்.சி. எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். ஒன்பது பேர் எழுந்தோம். அதுவரை யார் என்ன என்று தெரியாமல் என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட ஒருவன் மறுநாளிலிருந்து இடம் மாறி உட்கார்ந்தான். எங்களில் இரண்டு பேர் படிவத்தைக் கடைசிவரை கொடுக்கவே இல்லை.

அடுத்த ஆண்டு வகுப்பாசிரியராக ஓர் அம்மா வந்தார். அவர் வகுப்பில் இருந்த அத்தனை பேரையும் வருகை எண் வரிசையில் ஒவ்வொருவராக ஸ்டாஃப் ரூமுக்கு அழைத்தார். எல்லோரிடமும் பெயர், பிறந்த தேதி, முகவரி சரிபார்த்தார். உதவித்தொகைக்கு உரியவர்களிடம் மட்டும் அங்கேயே படிவத்தைக் கொடுத்து நிரப்ப வைத்தார். யாரும் எழுந்து நிற்கவில்லை. யாருடைய படிவமும் விட்டுப்போகவில்லை. ஒரு மதிய நேரம்தான் கூடுதலாகச் செலவானது.

அந்த அம்மா ஓய்வு பெற்றதும் பள்ளி பழைய முறைக்கே திரும்பிவிட்டது. இதை எனக்குச் சொன்னவன் அங்கே பிறகு படித்த என் சித்தப்பா மகன். அவன் வகுப்பிலும் "எழுந்து நில்லுங்க"தான். அந்த அம்மாவுக்கு அது எப்படித் தோன்றியது, முதலில் என்ன செய்து பார்த்தார், சக ஆசிரியர்கள் என்ன சொன்னார்கள் என்பது எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தால் அடுத்து வந்தவர் அதை எடுத்துச் செய்திருக்கலாம். செய்யாவிட்டால், ஏன் செய்யவில்லை என்றாவது நாம் கேட்டிருக்கலாம். ஒடுக்குமுறைக்கு யாரும் எழுதி வைக்கத் தேவையில்லை. அது பழக்கத்திலேயே அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். மாற்று முறைதான் எழுதி வைக்காவிட்டால் ஓர் ஆளோடு முடிந்துவிடும்.

பட்டியலின ஆசிரியர்களின் நிலை வேறு. அவர்கள் இரண்டு பக்கமும் பார்த்தவர்கள். பெஞ்சிலும் பட்டார்கள், ஸ்டாஃப் ரூமிலும் படுகிறார்கள். 1918இல் அம்பேத்கர் மும்பை சிடனாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தபோது, பொதுவில் இருந்த தண்ணீர் ஜாடியை அவர் தொடக்கூடாது என்று சக பேராசிரியர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கோணிப்பையில் உட்கார்ந்த மாணவர் பேராசிரியரான பிறகும் தண்ணீர்ப் பிரச்சினை தீரவில்லை. இன்று பணிபுரியும் ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் இருபது கிலோமீட்டர் பேருந்தில் போய்வரும் ஆசிரியருக்கு இது புரியும். அவர் எழுதினால் அது வெறும் கற்பித்தல் குறிப்பாக இருக்காது.

அப்படி எழுதுவதற்கு விலையும் உண்டு. பாமாவும் ஆசிரியர், சுகிர்தராணியும் ஆசிரியர். 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் 'சங்கதி'யும் சுகிர்தராணியின் கவிதைகளும் நீக்கப்பட்டன. அதனால் ஒடுக்கப்பட்ட ஆசிரியரிடம் போய் "நீங்கள் ஏன் எழுதவில்லை" என்று கேட்பதற்கு முன் "எழுதினால் உங்களோடு யார் நிற்பார்கள்" என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். முதலில் எழுத வேண்டிய கடமை, எழுதினால் இழப்பதற்குக் குறைவாக உள்ள, ஆதிக்கச் சாதியிலும் இடைநிலைச் சாதிகளிலும் பிறந்த ஆசிரியர்களுக்குத்தான்.

எப்படி எழுதுவது என்பது குறித்துச் சில எச்சரிக்கைகள்.

முதலாவது, பிள்ளையை எழுதாதீர்கள், உங்களை எழுதுங்கள். இன்று ஆசிரியர்கள் சிலர் எழுதுவதைப் பார்க்கிறோம். ஏழைப் பிள்ளைக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்த படம், பிள்ளையின் முகம், பெயர், ஊர், குடும்பக் கதை எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வருகிறது. நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை பத்து ஆண்டுகள் கழித்து அதைப் பார்க்கும். எழுந்து நிற்க வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பெயரும் அடையாளமும் குறிப்பேட்டில்கூட வேண்டாம்.

இரண்டாவது, உணர்ச்சியை அல்ல, எண்ணிக்கையையும் செயலையும் எழுதுங்கள். "நான் எல்லோரையும் சமமாகத்தான் நடத்துகிறேன்" என்று எழுதுவது எளிது. அதற்குப் பதில் ஒரு வாரம் இப்படி எழுதிப் பாருங்கள்: இன்று வகுப்பில் எத்தனை கேள்வி கேட்டேன், எந்தப் பெஞ்சுக்கு எத்தனை போனது. தண்ணீர் எடுக்க யாரை அனுப்பினேன், நேற்று யாரை அனுப்பினேன். குப்பை அள்ள யாரைச் சொன்னேன். சிற்றுண்டி வாங்கிவர யாரை அனுப்பினேன். யாரைப் பெயர் சொல்லி அழைத்தேன், யாரை "டேய்" என்று அழைத்தேன். யாருடைய பெற்றோருக்கு நாற்காலி போட்டேன், யாருடைய பெற்றோரை வாசலிலேயே நிறுத்திப் பேசினேன். ஐந்து நாள் முடிவில் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். நான் எந்த முடிவையும் சொல்லத் தேவையில்லை. பக்கம் சொல்லும்.

மூன்றாவது, எழுத்து ஒரு மாற்றத்தில் போய் முடிய வேண்டும். "நானும் சாதி பார்த்துவிட்டேன்" என்று எழுதி அழுதுவிட்டு மறுநாள் அதே பிள்ளையிடம் துடைப்பத்தைக் கொடுத்தால் அந்த எழுத்துக்குப் பயனில்லை. துப்புரவுப் பணியாளரை நியமிக்கக் கேட்டு மனு எழுதுங்கள். அதுவரை வகுப்பைக் கூட்டும் வேலைக்கு வருகை எண் வரிசையில் எல்லோரையும் வையுங்கள், உங்களையும் சேர்த்து. கழிப்பறைக்கு எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள். பிறகு அது நடந்ததா, யார் வீட்டிலிருந்து எதிர்ப்பு வந்தது என்பதை எழுதுங்கள். "எங்க வீட்டுப் பிள்ளை கூட்டுமா" என்று எந்த வீட்டிலிருந்து ஆள் வருகிறது என்பதே ஓர் ஆவணம்.

"ஏற்கெனவே எழுதி எழுதிக் கை வலிக்கிறது, இதற்கு எங்கே நேரம்" என்ற கேள்வி நியாயமானது. கல்வி உரிமைச் சட்டம் 2009, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணியில் ஆசிரியரை அமர்த்தக்கூடாது என்கிறது. அதை அமல்படுத்தக் கேட்பதும் இந்தக் கோரிக்கையின் ஒரு பகுதி. நடத்தை விதிகளைப் பற்றிய அச்சமும் நியாயமானதே. அரசு ஊழியர் நடத்தை விதிகள் அரசைப் பொதுவில் விமர்சிப்பதைத் தடுக்கின்றன. ஆனால் உங்கள் நோட்டில் உங்கள் செயலை நீங்களே எழுதுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. அங்கிருந்து தொடங்கலாம். பிறகு நம்பிக்கையான நாலைந்து ஆசிரியர்கள், வெவ்வேறு சாதிகளில் பிறந்தவர்கள், மாதம் ஒருமுறை உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்கலாம். ஒரே சாதிக்காரர்கள் மட்டும் உட்கார்ந்தால் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கொடுத்துவிட்டுக் கலைந்துவிடுவீர்கள்.

எழுதுவதால் சாதி ஒழிந்துவிடுமா என்று தோழர்கள் கேட்பார்கள். ஒழியாது. நிலம் வேண்டும், இடஒதுக்கீட்டை முழுமையாக நிரப்ப வேண்டும், அகமணமுறை உடைய வேண்டும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒழுங்காக நடக்க வேண்டும். ஆனால் ஒரு பிள்ளை தன் வாழ்வில் முதல்முதலாகத் தன் சாதியைத் தெரிந்துகொள்ளும் இடமாகப் பல நேரம் பள்ளி இருக்கிறது. அந்த இடத்தில் நிற்பவர் நீங்கள்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒரு கோரிக்கை. ஆசிரியர் தவறு செய்தால் போராட நாம் தயாராக இருக்கிறோம், அது தேவை. நேர்மையாகத் தன் வகுப்பறையை எழுதிக் காட்டும் ஆசிரியரை ஊரும் நிர்வாகமும் நெருக்கும்போது, அவர் பக்கம் நிற்கவும் தயாராக இருக்க வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் ஊதியக் கோரிக்கையோடு இதையும் தங்கள் தீர்மானங்களில் சேர்க்க வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துப்போங்கள். முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு, அன்று தண்ணீர் எடுக்க யாரை அனுப்பினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.